சின்ஃபீல்டுக்குக் கிடைத்த பட்டம்: சேவைக்கா, நட்சத்திரத்துக்கா?

ஆறாவது_டேக்கிள்: 2024 புத்தாண்டுப் பட்டியலில் முன்னாள் ரக்பி லீக் வீரர்கள் கெவின் சின்ஃபீல்டு, ராப் பர்ரோ இருவருக்கும் ஒரு நரம்பு நோய்க்காகப் பாடுபட்டதற்கு சி.பி.இ. என்ற பிரிட்டிஷ் பட்டம் கொடுத்தார்கள். அவர்கள் ஆடிய லீட்ஸ் ரைனோஸ் கிளப்பின் ஆட்களுக்கு மரியாதை கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இதை மாற்றுத்திறனாளி சேவையின் உச்சம் என்று தூக்கிவைப்பவர்கள் சக்கர நாற்காலியில் ஆடும் வீல்சேர் ரக்பி லீக் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2022 நவம்பர் 18, மான்செஸ்டரில் அந்த ஆட்டத்தின் உலகக் கோப்பை இறுதி. பிரான்ஸை 28-24 என்று இங்கிலாந்து வென்றது. மறுநாள் அதே ஊரில் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்குள் சின்ஃபீல்டு நிதி திரட்டும் ஓட்டத்தை முடித்து ஓடி வந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

தெற்கு_மேடை: பேசினால் என்ன தப்பு? பர்ரோவுக்கு 2019 டிசம்பரில் மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய் என்று தெரிந்தது. அவர் ஜெர்சி எண் 7. அதனால் 2020இல் சின்ஃபீல்டு நிதிக்காக ஓடியது 7 நாளில் 7 மாரத்தான், இலக்கு 77,777 பவுண்டு. வந்தது 20 லட்சத்துக்கு மேல். 2021இல் லெஸ்டரிலிருந்து லீட்ஸின் ஹெட்டிங்லி மைதானத்துக்கு 24 மணி நேரத்தில் 101 மைல். மணிக்கு ஒரு துண்டு, 7 கி.மீ. கணக்குப் போடுங்கள்: 23 துண்டு சேர்ந்தால் 161 கி.மீ., அதாவது 100 மைல். மேலே ஒரு மைல் உபரி.

ஆறாவது_டேக்கிள்: ஓட்டக் கணக்கு யாருக்கு வேண்டும்?

தெற்கு_மேடை: கஷ்டமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது, சார். கி.மீ.க்கு 6 நிமிடம் ஓடினால் 42 நிமிடத்தில் முடியும், 18 நிமிடம் ஓய்வு. நவம்பர் ராத்திரிக் குளிரில் அந்த 18 நிமிடம் உட்கார்ந்தால் கெண்டைக்கால் இறுகிவிடும். மெதுவாக ஓடினால் சாப்பிடவே நேரமிராது. இப்படித் திரண்ட பணத்தில் ஒரு பங்குதான் லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனையில் பர்ரோ பெயரிலான மோட்டார் நியூரான் நோய் மையத்துக்குப் போனது. அதன் கட்டுமானம் 2024 ஜூன் 3 தொடங்கியது. பர்ரோ இறந்தது முந்தின நாள்.

பட்டை_பிடுங்கி: இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். ஒன்று நோய்க்கு நிதி, மற்றது விளையாட இடம். வீல்சேர் ஆட்டத்தில் களத்தில் பக்கத்துக்கு 5 பேர், அதில் ஊனமில்லாதவர்கள் அதிகபட்சம் 2. ஆண் பெண் கலந்தே ஆடலாம். தோளில் வெல்க்ரோவில் ஒட்டிய பட்டையை எதிராளி பிடுங்கினால் அதுதான் டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவரைத் தடுப்பது. உதைக்குப் பதில் முஷ்டியால் பந்தைக் குத்துவார்கள். செலவு எங்கே என்றால் சக்கர நாற்காலியில். வீட்டில் பயன்படுத்தும் சக்கர நாற்காலியின் சக்கரம் நேராக நிற்கும். பக்கத்தில் மோதினால் கவிழும். ஆட்ட நாற்காலியில் சக்கரம் கீழே அகன்று சாய்ந்திருக்கும், சட்டெனத் திரும்பும். சாதாரண நாற்காலியைக் கொடுத்துவிட்டு ‘நன்கொடை’ என்று படம் எடுத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஆறாவது_டேக்கிள்: அதைத்தான் சொல்கிறேன். பட்டத்தோடு நான்கு ஆட்ட நாற்காலியும் வந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

தெற்கு_மேடை: 2023 மே, லீட்ஸ் மாரத்தான். பர்ரோவை உட்காரவைத்து 42 கி.மீ. தள்ளி, கோட்டருகே கையில் தூக்கிக் கடந்தார் சின்ஃபீல்டு. அந்த நாற்காலியும் ஓட்டத்துக்கென்றே செய்ததுதான். உங்கள் நான்கு நாற்காலிக்கு ஒரு வசூல் ஆரம்பியுங்கள், முதல் ஆளாக நான் போடுகிறேன்.