காற்றாலை மின்சாரத்துக்கு 20 ஆண்டு ஒரே விலையா?

புதியவன்:
காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அப்படியிருக்க, மின் பகிர்மான நிறுவனங்கள் தனியார் காற்றாலைகளோடு 20, 25 ஆண்டுக்கு ஒரே விலையில் கொள்முதல் ஒப்பந்தம் போடுவது ஏன்? நாளை சந்தையில் விலை இறங்கினால் வாங்குபவர் தலையில்தானே விழும்?

கணக்கன்:
காற்று இலவசம், கோபுரமும் இறக்கையும் கடன். செலவில் பெரும்பகுதி ஆலை ஓடும் முன்பே போய்விடுகிறது. வங்கி அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கிறது. வருமானம் ஆடினால் வட்டி ஏறும், யூனிட் விலையும் ஏறும். 1978-இல் வந்த அமெரிக்காவின் 'பர்ப்பா' சட்டம், வாங்கும் நிறுவனம் அதே மின்சாரத்தைத் தானே தயாரித்திருந்தால் அல்லது வேறிடத்தில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவை விலையாக்கியது. ஜெர்மனி 2000-இல் 20 ஆண்டுக்கு நிர்ணய விலை கொடுத்தது. இப்போது பல நாடுகளில் ஏலம்தான். குறைத்துக் கேட்பவருக்கே ஒப்பந்தம்.

பழைய மீட்டர்:
எல்லோரும் விலையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உற்பத்தியாளர் சார்பில் பத்தாண்டுகள் மாதாமாதம் மீட்டர் கணக்கெடுக்கப் போனவன் நான். துணை மின் நிலையத்தில் முதன்மை மீட்டர் ஒன்று, சரிபார்ப்பு மீட்டர் ஒன்று, இரண்டுக்கும் சீல். இரு தரப்பும் நின்று எண்ணைக் குறித்து, ஒரே தாளில் கையெழுத்திட்டால்தான் பில். எங்கள் ஆள் ஏலத்துக்குக் கணக்குப் போட்டதோ காற்றாலையின் அடியில் இருக்கும் மீட்டரை வைத்து. வழியில் கம்பியும் மின்மாற்றியும் நூற்றுக்கு மூன்று யூனிட்டைத் தின்றன. லாபமே அவ்வளவுதான் வைத்திருந்தோம்!

அதைவிடக் கொடுமை, நல்ல காற்று வீசும்போது "ஆலையை நிறுத்துங்கள்" என்று மின் நிறுவனத்திடமிருந்து வரும் தொலைபேசி. ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் யூனிட்டுக்குப் பணம் உண்டு என்றுதான் ஒப்பந்தம் சொன்னது. கூடவே 'கிரிட் பாதுகாப்புக் காரணம் தவிர' என்று நான்கு சொற்கள் (கிரிட் என்றால் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பி வலையமைப்பு). அதன்பின் வந்த நிறுத்த உத்தரவு ஒவ்வொன்றிலும் அந்த நான்கில் முதல் மூன்று தவறாமல் இருந்தன.

புதியவன்:
சரி ஐயா, விலை இறங்கினால்?

பழைய மீட்டர்:
ஒப்பந்த விலை மாறாது. தொலைபேசிதான் அடிக்கடி வரும், பில் தொகை மெதுவாக வரும். பிரிட்டனின் விலை வேறுபாட்டு ஒப்பந்தம் இதில் தேவலை. சந்தை விலை உறுதி விலைக்குக் கீழே போனால் குறையும் தொகை உற்பத்தியாளருக்குக் கிடைக்கும், மேலே போனால் மிச்சத்தை அவர் திருப்பித் தர வேண்டும். 2022-இல் விலை எகிறியபோது அப்படித் திருப்பித் தந்தார்கள். எங்களுக்கோ, தாமதத்துக்கு வட்டி உண்டு என்று எழுதியிருந்தது. வட்டிக்கும் பில் போட்டோம். அதுவும் தாமதமாகத்தான் வந்தது.