புதுப்பிப்பு: காஸ் கிரில்லில் நாப்களுக்குப் பின்னால் தீ

போன வாரம் கேட்டிருந்தேனே, காஸ் கிரில்லை (வாட்டிச் சமைக்கும் அடுப்பு) பற்றவைத்தால் பர்னரில் வராமல் நாப்களுக்குப் பின்னால் குப்பென்று மஞ்சள் தீ வருகிறது என்று? குற்றவாளி சிலந்தி! காஸும் காற்றும் கலக்கும் குழாய்க்குள் டார்ச் அடித்தால், பஞ்சுபோல வெள்ளையாக ஒரு கூடு. வழி அடைத்ததால் காஸ் பின்பக்கமாக வெளியேறிப் பற்றியிருக்கிறது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் இழுத்தேன், வந்துவிட்டது.

காஸ் கசிகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் தடவியதில் ரெகுலேட்டர் இணைப்பில் நுரை பொங்கியது, இறுக்கியதும் நின்றது.

அப்புறமும் தீ சோம்பலாகவே எரிந்தது. அது என் தப்பு: நாப்களைத் திறந்து வைத்துவிட்டு சிலிண்டரைத் திறந்திருக்கிறேன். கசிவு என்று நினைத்துப் பாதுகாப்பு வால்வு காஸைக் குறைத்துவிடுமாம். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, சிலிண்டரை மெதுவாகத் திறந்தேன். இப்போது நல்ல நீலச்சுடர்.

பற்றவைக்கும் பட்டனில் பொறிதான் இன்னும் வரவில்லை. பேட்டரி புதுசு.