நாய் இருக்கும் வீட்டில் முயல்: வேலுவும் பஞ்சுவும் பழகுவார்களா?

மண்டபத்துக்காரி

வணக்கம். மண்டபத்தில் இருக்கிறோம், கடலுக்கு ஒரு தெரு தள்ளி வீடு. வேலு என்று ஒரு நாய், 4 வயது. தாய் எங்கள் தெரு நாய், தகப்பன் சிப்பிப்பாறை. ஒல்லி உடம்பு, நீள மூஞ்சி, ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. போன வாரம் என் தம்பி மதுரையில் இருந்து என் மகளுக்கு ஒரு வெள்ளை முயல் வாங்கி வந்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் அதற்குப் பஞ்சு என்று பெயரும் வைத்துவிட்டாள். இனி திருப்பிக் கொடுக்கச் சொன்னால் பிள்ளை சாப்பிடாது.

முதல் நாள் சாயங்காலம் கூண்டைத் தாழ்வாரத்தில் வைத்தோம். வேலு வந்து நின்றான். குரைக்கவில்லை, வாலாட்டவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கழுத்தை நீட்டி இமைக்காமல் நின்றான். வாயில் இருந்து எச்சில் நூல் மாதிரி இறங்கியது. பஞ்சு மூலையில் ஒட்டிக்கொண்டு, காதைப் படுக்கப் போட்டு, பின்னங்காலால் தட் தட் என்று தரையில் அடித்தது. வேலு குரைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்றிலிருந்து கூண்டு அடுப்படிக்குள் இருக்கிறது, கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். அவன் வெளியே படுத்துக் கதவிடுக்கில் மோப்பம் பிடிக்கிறான். மாமியார், "நாயும் முயலும் ஒரு கூரைக்குள்ள நிக்காதுத்தா, யாருக்காச்சும் குடுத்துரு" என்கிறார். வேலுவை நாள் முழுக்கக் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. சங்கிலியே தெரியாமல் வளர்ந்தவன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை வீட்டுக்காரர் கரையில்தான் இருப்பார். பழக்குவதென்றால் அதற்குள் பழக்கியாக வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெயிலுக்குக் கூண்டை எங்கே வைப்பது என்பதும் தெரியவில்லை, எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் கூரை.

பாம்பன் தம்பி

அக்கா, பயப்படாதீங்க. எங்கள் வீட்டில் பொமரேனியனும் முயலும் ஒரே சாக்கில் படுத்துத் தூங்கும். இரண்டு நாள் உறுமும், அப்புறம் சரியாகிவிடும். பக்கத்தில் நின்றுகொண்டு அவிழ்த்து விட்டுப் பாருங்கள்.

தேவிபட்டினத்தாள்

தங்கச்சி, தயவுசெய்து அவிழ்த்து விட்டுப் பார்க்காதீங்க. தம்பி வீட்டில் பழகியிருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிப்பிப்பாறை முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். நீங்கள் சொன்ன அந்த நிலை, காலைத் தூக்கி இமைக்காமல் நின்றது, அது கோபம் இல்லை, வேட்டை. வேலு கெட்ட நாய் இல்லை. அவன் இரத்தத்தில் இருப்பதை அவன் செய்கிறான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை நேரம். வாசல் கொட்டகையில் முயல் கூண்டு. கெட்டியான கம்பி வலை, கொண்டி போட்டது, நாய் வாய் வைக்க வழியே இல்லை என்று நம்பிப் படுத்துவிட்டோம். விடிந்து பார்த்தால் ஈர மண்ணில் கூண்டைச் சுற்றி ஒரு வட்டம், செக்கு மாடு நடந்த தடம் மாதிரி. இரவு முழுக்க எங்கள் நாய் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கொண்டி போட்டது போட்டபடி இருந்தது. முயல் நடுவில் கால் நீட்டிக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, பயத்திலேயே போய்விட்டது. அந்த நாயை நான் அடிக்கவில்லை. கூண்டு இருந்தால் போதும் என்று நினைத்தது நான்தான்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்: இரண்டுக்கும் நடுவே எப்போதும் கூண்டும் ஒரு கதவும் இருக்கட்டும். ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றும். இப்போது கூண்டை அடுப்படியில் வைத்திருக்கிறீர்களே, அதை மாற்றாதீங்க.

பழக்குவதை மோப்பத்தில் இருந்து தொடங்குங்கள். பஞ்சு படுத்த பழந்துணியை வேலு படுக்கும் இடத்தில் போடுங்கள், வேலுவின் துணியைக் கூண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் அது போதும். அப்புறம் விடிகாலையில் வீட்டுக்காரர் அவனைக் கடற்கரையில் நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைத்துக் கூட்டி வரட்டும். கயிற்றைப் பிடித்தபடி, கூண்டுக்குப் பத்தடி தள்ளிப் படுக்க வையுங்கள். அவன் முயலைப் பார்ப்பான். பார்க்கட்டும். கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கிற அந்த நொடியில் அவித்த சூடை மீன் ஒரு துண்டு கொடுங்கள், முள் எடுத்துவிட்டு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். முயலை விட்டுக் கண்ணை எடுத்தால் மீன் கிடைக்கும் என்று அவனுக்குப் புரிய வேண்டும். ஐந்து நிமிஷம் போதும், அதற்குமேல் இழுக்காதீங்க.

எல்லோரும் நாயையே பார்ப்பார்கள். நீங்கள் பஞ்சுவையும் பாருங்கள். நாய் எதிரில் இருக்கும்போது அது புல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் சரி. விறைத்து உட்கார்ந்திருந்தாலோ காலால் தட்டினாலோ தூரம் போதவில்லை, பின்னால் போங்கள். அவன் கண் முன்னால் முயலை ஓடவிடவே கூடாது. சும்மா படுத்திருக்கும் நாய்கூட ஓடுகிற முயலைப் பார்த்தால் எழுந்துவிடும்.

எனக்கு இரண்டாவது நாயைப் பழக்க நாலு மாசம் ஆனது, அதுவும் சாதாரண நாட்டு நாய். இன்றைக்கும் நான் கடைக்குப் போனால் நடுக்கதவு சாத்தியிருக்கும். அந்த நாயும் என் முயலும் ஒன்றாகப் படுத்து நான் பார்த்ததில்லை, அது வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

மறக்கக்கூடாதது இன்னொன்று. நம் ஊரில் நாய்க்கு உண்ணி மருந்து அடிக்காமல் முடியாது. அதில் பலவற்றில் ஃபிப்ரோனில் என்று ஒரு மருந்து இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, முயலுக்கு விஷம், வலிப்பு வந்து செத்தே போகலாம். மருந்து போட்ட நாயை முயல் பக்கம் விடாதீங்க. எதை அடிப்பது என்று கால்நடை மருத்துவரிடம் முயல் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். வேலுவுக்குக் குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுங்கள். நாய் மலத்தில் இருக்கும் நாடாப்புழு முட்டை புல் வழியாக முயலுக்குள் போகும். அதனால் தெரு நாய்கள் திரியும் இடத்தில் புல் அறுக்க வேண்டாம்.

தங்கச்சிமடம் அண்ணன்

நான் வெயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முயல் குளிர் தாங்கும், சூடு தாங்காது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களையும் வளர்க்கிறார்கள். அது குளிர் ஊர். நம் ஊரில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே மதியம் உட்கார நமக்கே முடியாது. ஷீட் மேல் பனை ஓலை வேயுங்கள். கூண்டு மேல் ஈரச்சாக்கு போடுங்கள், காற்று மறிக்காமல். பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே வைத்தால் முயலே வந்து ஒட்டிப் படுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதைக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அதன் சூடு காது வழியாகத்தான் இறங்கும்.

போர் தண்ணீர் உவர்ப்பு என்றால் கொடுக்காதீங்க. நீங்கள் குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரையே வையுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. என் முதல் கூண்டின் வலை ஒரே வருஷத்தில் துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் உடைந்தது. வேலு மாதிரி நாய் இருக்கும் வீட்டில் மாசம் ஒரு தடவை ஒவ்வொரு கம்பியாக அழுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் பழைய நைலான் வலை கிடக்கும், அதைக் கட்டிச் சமாளிக்க நினைக்காதீங்க. முயல் கடித்துவிடும், இல்லையென்றால் காலில் சுற்றிக்கொள்ளும். கூண்டைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிடுங்கள், நாய் தள்ளிச் சாய்க்காமல் இருக்க.

தேவிபட்டினத்தாள்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பயந்தாலும் சரி, சூடு பட்டாலும் சரி, முயல் முதலில் தீனியை நிறுத்தும். ஒரு பகலோ ஒரு இரவோ ஒன்றும் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீங்க. குடல் நின்றுவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். காலையில் எழுந்ததும் புழுக்கையை எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

மண்டபத்துக்காரி (மூன்று வாரம் கழித்து)

அக்கா, அண்ணன், தம்பி எல்லோருக்கும் நன்றி. அடுப்படிக்கு வீட்டுக்காரர் ஒரு அரைக்கதவு செய்துவிட்டார், பழைய படகுப் பலகையில். மேல்பாதி திறந்திருப்பதால் காற்றும் வருகிறது. ஓலையும் வேய்ந்தாயிற்று. உண்ணி மருந்து டப்பாவை எடுத்து மகளை வாசிக்கச் சொன்னேன். நீங்கள் சொன்ன அதே பெயர் அக்கா. நல்லவேளை, பஞ்சு வந்த பிறகு அடிக்கவில்லை.

முதல் வாரம் வேலு மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தடியைப் பதினைந்து அடி ஆக்கினோம். ஒன்பதாவது நாள்தான் கண்ணை எடுத்தான். நேற்று முருங்கைக்கீரைக் காம்பை பஞ்சு கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது, அவன் முன்னங்கால் மேல் தாடையை வைத்துப் படுத்துக் கொஞ்ச நேரம் கண்ணையும் மூடினான். மகள் கை தட்டப் போனாள், நான் தடுத்துவிட்டேன். கயிறு என் கையில்தான் இருந்தது. அவர் கடலுக்குப் போன பிறகும் காலையில் நானே பிடித்துக்கொள்வேன்.