ஐஸ் ஹவுஸைக் காப்பாற்ற ஒரு யோசனை வேண்டும்

மாற்று வரலாற்று நாவல் ஒன்று எழுதுகிறேன். களம் 1850களின் மெட்ராஸ். நிஜத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து, 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறங்கியது. என் உலகில் ஒரு மந்திரம் சொன்னால் மண்பானைக்குள் பனி உறையும், மீன்காரம்மா வீட்டிலும்தான்.

அப்புறம் ஐஸ் ஹவுஸ் எதற்கு? உச்சக்காட்சியே அங்கேதான்! ஆறு மாதமாக மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

மந்திரம் சொன்னவருக்குக் காய்ச்சல் வரும் என்று வைத்தேன். கூலிக்கு ஏழைகள் காய்ச்சலில் கிடந்தார்கள், கதை இருண்டுவிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பானை என்றேன். கூட்டுக்குடும்பத்தில் பதினைந்து பேர், பதினைந்து பானை! கிழக்கிந்தியக் கும்பினி தடை போட்டதாகவும் வைத்துப் பார்த்தேன், வீட்டுக்குள் முணுமுணுப்பதை யார் பிடிப்பது?

மந்திரமும் எல்லோர் கையிலும் இருக்கவேண்டும், ஐஸ் கப்பலும் வரவேண்டும். அதற்கு என்ன காரணம் வைக்கலாம்?