புதுப்பிப்பு: பழைய ஸ்விஃப்டுக்கு 15 இன்ச் வீல் போட்டாச்சு

செங்கோட்டையில் ஓடும் என் பழைய ஸ்விஃப்டின் 14 இன்ச் இரும்பு வீலை மாற்றி 15 போடலாமா, 16 போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வீலை விடுங்க, டயரோட மொத்த உயரத்தைப் பாருங்க" என்ற புனலூர் அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. பழைய 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ.; இப்போது போட்ட 185/65 ஆர்15க்கு 621.5. அதனால் ஸ்பீடாமீட்டர் கணக்கு மாறவில்லை, பழைய ஸ்டெப்னியும் அவசரத்துக்கு உதவும். 16 வேண்டாம் என்று விட்டேன். அதே உயரத்துக்குள் வர டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகிவிடும்; ஆரியங்காவு பாதைப் பள்ளங்களில் வீல் நெளிந்துவிடும்.

எதிர்பாராத ஒன்று: தென்காசி சாலையில் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. வீலின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கை மறுபடி செய்தும் போகவில்லை. காரணம், புது அலாய் வீலின் நடு ஓட்டை 73.1 மி.மீ., ஸ்விஃப்டின் ஹப், அதாவது வீல் போய் உட்காரும் நடு அச்சு, 54.1. அதனால் வீல் சரியாக நடுவில் உட்காரவில்லை; இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட்டதும் உதறல் அடியோடு நின்றது. சின்ன வளையம்தான், ஆனால் வீல் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் முழு லோடில் மலை ஏறி இறங்கினேன், டயர் எங்கும் உரசவில்லை. வண்டியை நிறுத்தித் திருப்பும்போது மட்டும் ஸ்டியரிங் கொஞ்சம் கனம்.