ப்ளேஆஃப் தொடரில் ஸ்டார் பிளேயரின் தலைமை நிஜமா, ஜெயித்த பிறகு கட்டும் கதையா?

மொட்டைமாடி கோர்ட்:

கொஞ்ச நாளாக இதை வைத்து நண்பர்களுடன் ஓயாத சண்டை, இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். 2025 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸில் ஓக்லஹோமாவுக்கு எதிராக இந்தியானா பேஸர்ஸ் கடைசியான ஏழாவது ஆட்டம் வரை போனதற்கு எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: அந்த அணியின் ஸ்டார் டைரீஸ் ஹாலிபர்ட்டனின் தலைமை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் என்பிஏ ஆட்டக்காரர்களிடமே பெயர் வெளியிடாமல் நடத்திய வாக்கெடுப்பில், தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர் யார் என்ற கேள்விக்கு அதிக வாக்கு வாங்கியவரும் இதே ஹாலிபர்ட்டன்தான். இரண்டு மாதத்துக்குள் மனுஷன் தலைவனாகிவிட்டாரா, இல்லை கடைசி நொடியில் போட்ட பந்துகள் உள்ளே விழுந்ததால் நாம் தலைவனாக்கிவிட்டோமா?

ஸ்டார் நன்றாக ஆடினால் அணி ஜெயிக்கும், அது எனக்கும் தெரியும், அதைக் கேட்கவில்லை. அவருடைய தலைமையால் பக்கத்தில் நிற்கிற நாலாவது, ஐந்தாவது ஆள் வழக்கத்தைவிட நன்றாக ஆடுகிறானா? ஒரே தொடருக்குள், இரண்டு வாரத்துக்குள், கண்ணால் பார்க்கிற மாதிரி மாற்றம் எங்காவது நடந்திருக்கிறதா? "லாக்கர் ரூமில் பேசினார், எல்லோருக்கும் புல்லரித்தது" வகையறா மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

ஆறாவது ஆள்:

2011 ஃபைனல்ஸைப் பாருங்கள், டல்லஸ் எதிர் மயாமி. உங்கள் நிபந்தனைக்கு அதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை.

மூன்று ஆட்டம் முடிந்தபோது மயாமி 2-1 என்று முன்னால் இருந்தது. மூன்றாவது ஆட்டம் 88-86 என்று டல்லஸின் கைக்கு வந்து நழுவியது. டல்லஸில் ஸ்டார் டிர்க் நோவிட்ஸ்கிக்கு அடுத்தபடி கடைசி குவார்ட்டரில் (ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில்) புள்ளி எடுத்துத் தர வேண்டியவர் ஜேசன் டெர்ரி, பெஞ்சிலிருந்து வருகிறவர். ஆட்டம் முடிகிற நேரத்தில் அவரை மறிக்க மயாமி அனுப்பியது தன் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸை. டெர்ரி காணாமல் போனார். அப்போதுதான் டிர்க் பத்திரிகையாளர்கள் முன்னாலேயே வெளிப்படையாகச் சொன்னார், நெருக்கடியான நேரத்தில் டெர்ரி எங்களுக்கு வேண்டிய அளவு கைகொடுக்கவில்லை என்று. பூசி மெழுகவில்லை, பேரைச் சொல்லித்தான் சொன்னார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். நாலாவது ஆட்டத்தில் டெர்ரி 17 புள்ளி. ஐந்தாவதில் 21, அதில் கடைசி நிமிடத்தில் லெப்ரான் எதிரே கை நீட்டி நிற்க, அவர் தலைக்கு மேல் போட்ட த்ரீயும் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) ஒன்று. ஆறாவதில் 27. அந்த ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் டிர்க் 12 ஷாட் போட்டு ஒன்றுதான் விழுந்தது, மொத்தம் 3 புள்ளி, டெர்ரியோ 19. டிர்க் ஒன்றுமே செய்ய முடியாமல் இருந்த அந்த 24 நிமிடம் அணியைக் கரைசேர்த்தது ஊரறியத் திட்டு வாங்கிய அந்த ஆள்தான்.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு "பொதுவில் திட்டினால் வேலை நடக்கும்" என்று எடுத்துக்கொண்டால் தப்பு. 2006 ஃபைனல்ஸில் இதே மயாமியிடம் 2-0 முன்னிலையிலிருந்து நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்ற டல்லஸ் அணியில், 2011 வரை மிச்சமிருந்தவர்கள் டிர்க்கும் டெர்ரியும் மட்டும்தான். அந்தக் காயம் இருவருக்கும் பொது. 2010-11 சீசன் தொடங்கும் முன்பே டெர்ரி சாம்பியன்ஷிப் கோப்பையைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர், அதாவது சவால் விட்டால் சுருங்குகிற ரகம் இல்லை, அது டிர்க்குக்குத் தெரியும். இன்னொன்று, டிர்க் அப்போது முதல் ஆட்டத்திலேயே இடது கை நடுவிரலில் தசைநார் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தார். நாலாவது ஆட்டத்தில் காய்ச்சல் 101 டிகிரி, அப்படியும் 21 புள்ளி, 11 ரீபவுண்ட் (விழாத ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), முடிவில் வேண்டிய லேஅப்பும் (கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடும் ஷாட்) அவருடையதே. அந்த நிலையில் இருக்கிற ஒருவர் "இன்னும் கொஞ்சம் செய்" என்றால் யாராலும் பதில் பேச முடியாது. வார்த்தை அப்படியே இருக்கட்டும், சொல்கிறவர் மட்டும் சும்மா பென்ச்சில் உட்கார்ந்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தலைமையா? வெறும் வயிற்றெரிச்சல்தான்.

ஸ்கோர்ஷீட்:

அழகான கதை. ஆனால் கேள்வி கேட்டவர் கதை வேண்டாம் என்றுதானே சொன்னார்?

டெர்ரி பல வருடமாக நல்ல ஷூட்டர். நல்ல ஷூட்டர் மூன்று ஆட்டம் சுமாராக ஆடினால் அடுத்த மூன்றில் மீண்டு வருவதுதான் சகஜம், அதற்கு யாரும் திட்டத் தேவையில்லை. டிர்க் அப்படிச் சொல்லியும் டெர்ரி 10-க்கு 2 போட்டிருந்தால் இன்றைக்கு நாம் என்ன எழுதிக்கொண்டிருப்போம்? "பொதுவெளியில் அவமானப்படுத்தினார், சக வீரனின் நம்பிக்கையை உடைத்தார், அதனால்தான் தோற்றார்கள்" என்று, இதே உறுதியோடு. ஒரே செயலுக்கு இரண்டு பக்கமும் விளக்கம் தயாராக இருக்கிறது என்றால் அது விளக்கமே இல்லை.

நீங்கள் விட்டுவிட்ட விஷயங்களும் இருக்கின்றன. நாலாவது ஆட்டத்தில் கோச் ரிக் கார்லைல் ஜே.ஜே. பரேயாவைத் தொடக்க ஐவரில் கொண்டுவந்தார், டிஷான் ஸ்டீவன்சனை பெஞ்சுக்கு மாற்றினார். அது மயாமி தடுத்து ஆடும் கணக்கையே மாற்றியது. அந்த ஆட்டத்தில் லெப்ரான் எடுத்தது 8 புள்ளி. எட்டு! தொடர் முழுக்க அவருடைய சராசரியே 17.8தான். இதெல்லாம் டிர்க் பத்திரிகையாளர்களிடம் பேசியதால் நடந்ததா?

2007-இல் 67 ஆட்டம் ஜெயித்த டல்லஸ், டிர்க் அந்த ஆண்டின் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), முதல் சுற்றிலேயே எட்டாவது இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட்டிடம் வெளியே போனார்கள். அதே மனிதர், அதே தலைமை. அதற்கு யாரும் நூல் எழுதவில்லை.

ஆறாவது ஆள்:

பரேயா விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அது பெரிய மாற்றம். ஆனால் லெப்ரான் 8 புள்ளி எடுத்ததை ஏன் என் பக்கத்துக்கு எதிராக வைக்கிறீர்கள் என்று புரியவில்லை, அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. எதிரணியின் ஸ்டார் கடைசி குவார்ட்டரில் மூலையில் நின்றுகொண்டு பந்தைக் கேட்காமலே இருந்தால், அவரோடு ஆடுகிற நாலு பேருக்கும் அது தெரியாதா?

பழைய வீடியோ:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் இரண்டு பேரும் தொடருக்குள் என்ன நடந்தது என்று தேடுகிறீர்கள், எனக்கு அது பெரும்பாலும் தொடருக்கு முன்னாலேயே முடிந்துபோன விஷயமாகத் தெரிகிறது.

1997 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், சிகாகோ எதிர் யூட்டா, 86-86. டைம்அவுட்டில் சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான் சக வீரர் ஸ்டீவ் கெர்ரிடம், யூட்டாவின் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என் மேல் வருவான், தயாராக இரு என்கிற மாதிரி சொல்கிறார். கெர், நான் போட்டுவிடுகிறேன் என்கிறார். அப்படியே நடந்தது, ஸ்டாக்டன் வந்தார், ஜோர்டான் பாஸ் கொடுத்தார், கெர் போட்டார், சாம்பியன்ஷிப். எல்லோரும் இந்த டைம்அவுட் காட்சியைத்தான் காட்டுவார்கள். ஆனால் 1995 பயிற்சி முகாமில் இதே இரண்டு பேரும் கைகலப்பில் இறங்கி ஜோர்டான் கெர்ரின் முகத்தில் குத்திய கதை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு போன் செய்து மன்னிப்பும் கேட்டார். கெர் அன்றைக்குத் திருப்பி எதிர்த்து நின்றதால்தான் ஜோர்டான் அவரை நம்ப ஆரம்பித்தார் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் குத்தில் துளி மரியாதையும் இல்லை, அதைத் தலைமை என்று கொண்டாடுகிறவர்கள் வேலை செய்கிற இடத்தில் மேனேஜர் ஒரு தரம் அப்படிச் செய்து பார்க்கட்டும். ஆனால் 1997-இல் அந்த பாஸ் வந்தது என்றால் அதற்குப் பின்னால் இரண்டு வருட நம்பிக்கை இருந்தது, அது மறுக்க முடியாதது.

ஜோர்டானுக்கே அது தானாக வந்துவிடவில்லை. 1991 ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது, கோச் ஃபில் ஜாக்சன் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது யார் ஃப்ரீயாக நிற்கிறார்கள் என்று. பதில், ஜான் பாக்ஸன். பந்து அவரிடம் போனது, பாக்ஸன் அன்றைக்கு 20 புள்ளி, சிகாகோவின் முதல் கோப்பை.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 1994-இல் ஜோர்டான் இல்லை, ஸ்காட்டி பிப்பன்தான் ஸ்டார். நியூயார்க்குக்கு எதிரான தொடரில் மூன்றாவது ஆட்டம், 102-102, மிச்சம் 1.8 நொடி. ஜாக்சன் கடைசி ஷாட்டை டோனி குகோச்சுக்கு வரைந்தார். பிப்பன் கோபித்துக்கொண்டு பென்ச்சிலேயே உட்கார்ந்துவிட்டார், கோர்ட்டுக்கு வரவே இல்லை. குகோச் போட்டார், சிகாகோ ஜெயித்தது. அதன் பிறகு லாக்கர் ரூமில் பேசியது யார்? ஸ்டார் இல்லை, பில் கார்ட்ரைட், முழங்கால் தேய்ந்துபோன மூத்த சென்டர், கண்ணீரோடு பேசினார். (கேள்வி கேட்டவர் லாக்கர் ரூம் கதை வேண்டாம் என்றார், இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு தாருங்கள்.) அடுத்த ஆட்டத்தையும் சிகாகோ ஜெயித்தது, தொடரை ஏழாவது ஆட்டத்தில்தான் இழந்தார்கள். அணிக்குத் தலைவன் வேண்டும் என்பது சரி, அது ஸ்டாராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கார்னர் த்ரீ:

நான் ஆடுவது மாவட்ட அளவில்தான், ஸ்டாரும் இல்லை, மூலையில் நின்று பந்து வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். பேச்சு எதுவும் நினைவில் நிற்காது. முதல் ஷாட்டைத் தவறவிட்ட பிறகு அடுத்த தரமும் அதே ஆள் பந்தை எனக்குத் தருகிறானா என்பதுதான் எனக்கு எல்லாம். தந்தால் யோசிக்காமல் போடுவேன். முறைத்துவிட்டு வேறு பக்கம் போனால், அடுத்து பந்து வரும்போது என் கை அரை நொடி தாமதிக்கும், அதற்குள் டிஃபெண்டர் வந்துவிடுவான்.

2010 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் ஸ்டார் கோபி பிரையன்ட் 24 ஷாட்டில் 6தான் போட்டார். ஆனால் கடைசி நிமிடத்தில் சக வீரர் ரான் ஆர்டெஸ்ட்டுக்கு பாஸ் கொடுத்தார், ஆர்டெஸ்ட் த்ரீ போட்டார், லேக்கர்ஸ் 83-79. ஆட்டம் முடிந்த பிறகு ஆர்டெஸ்ட் கோப்பையைவிட, கோபி எனக்கு பாஸ் கொடுத்தார் என்பதையே சொல்லிச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தார். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

மொட்டைமாடி கோர்ட்:

எல்லோருக்கும் நன்றி. கார்னர் த்ரீ சொன்னதுதான் என் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் அதை ஆட்டத்தில் பார்க்கலாம்.

அதை வைத்து பேஸர்ஸுக்குத் திரும்பினால்: ஃபைனல்ஸ் மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்த மாதுரின் 27 புள்ளி, டி.ஜே. மெக்கானல் 5 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). ஆறாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் தசைக் காயத்தோடு ஆடிய ஹாலிபர்ட்டன் எடுத்தது 14தான், அணியில் அதிகம் எடுத்தது ஓபி டாப்பின், 20. ஜெயித்தது 108-91. ஏழாவதில் முதல் குவார்ட்டரிலேயே ஹாலிபர்ட்டனுக்கு அகில்லீஸ் (குதிகால் தசைநார்) கிழிந்து வெளியே போய்விட்டார், இங்கே காலை நேரம் என்பதால் டீ கூடக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் பாதி நேரத்தில் பேஸர்ஸ் 48-47 என்று முன்னால் இருந்தார்கள், அதுவும் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில். வருஷம் முழுக்க யார் ஃப்ரீயோ அவனுக்கு பந்து என்று ஆடிப் பழகியதால்தானே அவர் இல்லாமலும் அவர்களால் அப்படி ஆட முடிந்தது?

ஸ்கோர்ஷீட்:

முதல் பாதியோடு டிவியை அணைத்துவிட்டீர்களா? மூன்றாவது குவார்ட்டரில்தான் ஆட்டம் ஓக்லஹோமா பக்கம் போனது, பேஸர்ஸ் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) மேல் டர்ன்ஓவர். கடைசியில் 103-91. ஹாலிபர்ட்டன் இல்லாதபோது அணிக்கு எது இல்லாமல் போனது என்று கேட்டால் நான் சொல்வது, தலைமை இல்லை, பந்தைப் பாதுகாப்பாகக் கொண்டுவருகிற கை. மெக்கானல் முடிந்தவரை இழுத்துப் பார்த்தார், அவ்வளவு நேரம் அந்த டிஃபென்ஸுக்கு எதிராக ஒருவர் தாங்க முடியாது.

ஆனால் கார்னர் த்ரீ சொன்ன அரை நொடி விஷயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். பந்து கைக்கு வந்ததிலிருந்து விடுகிற வரை எவ்வளவு நேரம் என்பதை வீடியோ வைத்து அளக்கலாம். ஒரே ஆட்டக்காரன், ஸ்டார் முறைத்த பிறகும் முறைக்காத பிறகும் என்று பிரித்து எடுத்தால் ஏதாவது தெரியும்.

கார்னர் த்ரீ:

அளந்தால் என் மாவட்ட அணியில் ஆரம்பியுங்கள். எங்கள் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து பாஸ் கொடுக்கிறவன்) முறைப்பதில் என்பிஏ தரம்.

ஆறாவது ஆள்:

ஸ்கோர்ஷீட், அளக்கும்போது 2011 நாலாவது ஆட்டத்தின் கடைசி குவார்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெர்ரி பந்து வாங்கியதும் என்ன செய்கிறார் என்று மட்டும் மூன்றாவது ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.