‘எர்த்’ என்பதற்கு என்ன சொல்? பழைய பைக் மின்பழுதுக் கையேட்டுக்காக

மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களில் மின்பழுது பார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. மின்தேக்கி, சுருள், பிளக் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. ‘எர்த்’தில் வந்து நிற்கிறேன். முதலில் ‘புவித்தொடர்பு’ என்று போட்டேன். சரிபார்த்துக் கொடுத்த நண்பர், “வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, இதில் புவி எங்கே வந்தது?” என்று கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை.

சிக்கலான வரி இது: “எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவே எர்த் சரியில்லையென்றால் பொறி மங்கும்.” நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

நண்பர் கேட்டது சரியான கேள்வி. வீட்டு மின்சாரத்தில் எர்த் என்பது மண்ணுக்குள் போகும் பாதுகாப்புக் கம்பி. பழுது வந்தால்தான் அதில் மின்சாரம் ஓடும். பைக்கில் நிலைமை தலைகீழ். பேட்டரியின் ஒரு முனையைச் சட்டகத்தோடு பூட்டிவிடுகிறார்கள். விளக்குக்கு ஒரு கம்பிதான் போகும். போன மின்சாரம் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்புகிறது. பிளக்கும் அப்படியே. நடுமுனையிலிருந்து தாவும் பொறி பக்கமுனைக்கு வந்து, சிலிண்டர் ஹெட் வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் சட்டகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து வண்டியைக் கோர்த்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் மாற்றினான், பாயிண்ட்டை (சுருளுக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் பொறியை வரவைக்கும் தொடுமுனைகளை) தேய்த்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தான், கண்டன்சரையும் (மின்தேக்கி) மாற்றினான். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால், எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட். பாயிண்ட் வழியாக வரும் மின்சாரம் எஞ்சினைத் தாண்டிச் சட்டகத்துக்குப் போக முடியவில்லை. இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் சுரண்டிய இடத்திலும் வைத்தால் போதும். ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அங்கேதான் பழுது.

அவனுக்கு ‘எர்த்’ என்ற சொல் உதவவில்லை. ‘திரும்பி வரும் வழி’ என்று சொன்ன பிறகுதான் எங்கே தேடுவது என்று பிடிபட்டது. ஆகவே என் பரிந்துரை: மீள்வழி.

தமிழாசிரியர்:

மீள்வழி நல்ல விளக்கம்; ஆனால் அது வேலையைச் சொல்கிறதே தவிர இடத்தைச் சொல்லவில்லை. பட்டறையில் ‘பாடி எர்த்’ என்கிறார்கள் அல்லவா? அந்தப் ‘பாடி’யைப் பிடித்துக்கொண்டு போவோம்.

மின்சாரம் வரும் கம்பியை ‘உயிர்க்கம்பி’ என்கிறோம். உயிருக்கு இணை மெய். தனியே இயங்காத மெய்யெழுத்து அகரத்தோடு சேர்ந்து இயங்குவதை ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’ என்கிறது தொல்காப்பியம். விளக்கும் அப்படித்தான்: உயிர்க்கம்பி மட்டும் இருந்தால் எரியாது, மெய்யும் சேர வேண்டும். ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்னும் குறளில் மெய் என்றால் உடம்புதான். மேய்தல் என்பதற்குக் கூரை வேய்தல் என்றும் பொருள் உண்டு. உயிரை மேய்ந்திருப்பதால் மெய் என்று பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து.

தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். ஆகவே மெய்யிணைப்பு.

தனித்தமிழ் அன்பர்:

மெய்யிணைப்பை வரவேற்கிறேன். எர்த் வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புகிறோம்; ஆனால் புவியும் வடசொல்லே என்பதை யாரும் சொல்லக் காணோம். தமிழில் ‘நிலம்’ இருக்கிறது. நில் என்னும் வேரில் பிறந்தது. மற்ற எல்லா முனைகளின் மின்னழுத்தத்தையும் இதிலிருந்துதான் அளக்கிறோம். ஏறி இறங்காமல் நிற்பது இது ஒன்றே. அதனால் ‘நிலைமுனை’ என்றாலும் பொருந்தும். டயருக்கும் மண்ணுக்கும் அங்கே வேலையில்லை.

மெக்கானிக்:

ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம். முப்பது வருசமா பழைய வண்டிதான் பார்க்கிறேன். ஒரு விசயம் விட்டுப்போச்சு.

‘எர்த் இல்ல’ என்றால் ஒரு பழுது. ‘எர்த் அடிக்குது’ என்றால் அதற்கு நேர் எதிரான பழுது. முதலாவதில் மின்சாரம் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாவதில் போகக் கூடாத நேரத்தில் போய்விடுகிறது. மேக்னெட்டோ வண்டியில், அதாவது பேட்டரியை நம்பாமல் எஞ்சின் சுழற்சியிலேயே பொறிக்கு மின்சாரம் எடுக்கும் வண்டியில், எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டுவதில்லை. சுருளின் கம்பியை உடம்பில் தொடவைத்துப் பொறியைக் கொல்கிறது. அந்தக் கம்பி ஹெட்லைட் டூமுக்குள் (விளக்கின் இரும்புக் கூடு) உரசித் தோல் உரிந்து இரும்பில் பட்டால், சுவிட்சைத் தொடாமலே வண்டி நின்றுவிடும். ஹேண்டிலைத் திருப்பும்போது நின்றால் முதலில் அதைப் பாருங்கள். அந்த ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுக் கிக் அடியுங்கள். பொறி வந்தால் சுருளில் குறையில்லை.

‘மீள்வழி இல்லை’ என்று எழுதலாம். ‘மீள்வழி அடிக்கிறது’ என்று எழுதினால் என் பையன்களுக்கு என்ன புரியும்? எந்தச் சொல்லானாலும் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்:

> எந்தச் சொல்லானாலும் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும்.

இதை நான் யோசிக்கவே இல்லை, அண்ணே. மிக்க நன்றி.

நானே இரண்டு சொற்களைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டேன். ‘சட்ட இணைப்பு’ என்றால் நீதிமன்ற விவகாரம் போலத் தொனிக்கிறது. ‘எதிர்முனை இணைப்பு’ என்றால் பிழையே ஆகிவிடும். ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். அதை நம்பிப் பேட்டரியை மாற்றிப் பூட்டினால் டையோடு போய்விடும்.

நீரோட்ட உவமையில் ‘வடிகால்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் வடிகாலில் போன நீர் போனதுதான்; இங்கே மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

மெய்யிணைப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்று படித்த பிள்ளைகளுக்கு மெய் என்றால் முதலில் உண்மைதான் நினைவுக்கு வரும். இன்று வகுப்பில் ‘மெய்யிணைப்பு சரியில்லை’ என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். “அப்போ பொய்யிணைப்பா சார்?” என்றார்கள். ‘உடலிணைப்பு’ என்று மாற்றி எழுதினேன். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. நேராகச் சட்டகத்தைப் பார்த்தார்கள்.

தமிழாசிரியர்:

கேட்டதில் தவறில்லை, ஒட்டாத இணைப்பைப் பொய்யிணைப்பு என்றே சொல்லலாமே! பெயின்ட்டுக்கு மேல் பூட்டிய போல்ட் அதுதான்: பார்வைக்கு இணைப்பு, மின்சாரத்துக்கு இல்லை. ஒரு சொல்லைக் கேட்டு, அவர்கள் ஆக்கிய இன்னொரு சொல் பழுதையே பெயரிட்டுக் காட்டியிருக்கிறது. இதைக் கைவிடச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

தனித்தமிழ் அன்பர்:

வழிமொழிகிறேன். நிலைமுனையை விட்டுக்கொடுக்கிறேன், மெய்யை விட வேண்டாம்.

மொழிபெயர்ப்பவர்:

நாளை திங்கள். இனியும் தள்ள முடியாது. குழுவில் பெரும்பாலோர் சொன்னபடி இவ்வாறு முடித்திருக்கிறேன்.

தலைப்புகளிலும் படங்களிலும் ‘உடலிணைப்பு’. அட்டவணையில், பட்டறையில் கையில் வைத்துப் படிக்கிற இடத்தில், ‘எர்த்’ அப்படியே இருக்கும். மெக்கானிக் அண்ணன் சொன்ன இரண்டு பழுதுக்கும் ‘எர்த் விடுபாடு’, ‘எர்த் கசிவு’. மின்கசிவு என்ற சொல் செய்தித்தாளில் எல்லோரும் படிப்பது என்பதால் கசிவு. முதலில் காட்டிய வரி இப்போது: “எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவே உடலிணைப்பு (எர்த்) விட்டிருந்தால் பொறி மங்கும்.”

மெக்கானிக்:

கசிவு நல்லாயிருக்கு. இன்னொன்று, இடமிருந்தால் சேருங்கள். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் கம்பி கிடையாது. ஹேண்டில் திரும்பும் பேரிங் குண்டுகள் வழியாகத்தான் மின்சாரம் சட்டகத்துக்கு வர வேண்டும். நடுவில் கிரீஸ். ஹேண்டிலைத் திருப்பினால் விளக்கு மினுக்கும். டூமிலிருந்து சட்டகத்துக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டால் தீர்ந்தது.

தமிழாசிரியர்:

முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ‘எர்த் கசிவு’ என்னும் கலப்புச் சொல் அச்சேறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவில் ‘உடலிணைப்பு: மெய்யிணைப்பு என்றும் சொல்லலாம்’ என ஒரு வரி சேர்க்க முடியுமா? அச்சகத்துக்குப் போகுமுன் தெரிவியுங்கள்.